நெறிகட்டியும் ஜீன் சோதனையும்



மும்பையில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் 1984 முதல் 2016 வரை டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் அல்ல. இருந்தாலும் எங்கள் பகுதித் தமிழர் வீடுகளில் யாருக்காவது ரிப்போர்ட் வந்தால், "அக்கா, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்று கொண்டு வந்துவிடுவார்கள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்றால் ஒரு நிமிடத்து வேலை. எண்ணும் இருக்கும், இருக்க வேண்டிய அளவும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். ஆனால் ஒருமுறை என் சொந்த அக்கா வீட்டுக்கு வந்த ரிப்போர்ட்டில் எண்ணே இல்லை. அதிலிருந்த 'ஜீன்' என்ற ஒரு சொல், பேசி முடிக்கும் நிலையில் இருந்த ஒரு கல்யாணத்தை ஆட்டி வைத்துவிட்டது. அந்தச் சோதனையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2018 ஆகஸ்டில் அத்தானின் இடது கழுத்தில் ஒரு நெறி கட்டியது. புத்தகத் தமிழில் நிணநீர் முடிச்சு வீக்கம். பல்வலி, தொண்டைப் புண், தலையில் சிரங்கு எது வந்தாலும் கழுத்தில் நெறி கட்டும். பத்து நாளில் வடிந்துவிடும். இது வடியவில்லை. வலியும் இல்லை. அத்தானுக்கு அப்போது வயது 61, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டிய உடம்பு. வலிக்காத ஒன்றை அவர் நோயாகவே நினைக்கவில்லை. பக்கத்து டாக்டர் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு டி.பி. மருந்து ஆரம்பித்துவிட்டார். நம் நாட்டில் கழுத்து நெறிகட்டிக்கு டி.பி. ஒரு முக்கியக் காரணம்தான். ஆனால் ஊசி குத்தி உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்காமல் கையால் தடவியே முடிவு செய்ததை இன்றும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டு மாதம் மாத்திரை விழுங்கியதில் சிறுநீர் ஆரஞ்சு நிறமானதுதான் மிச்சம். கட்டி நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது.

எனக்குத் தெரிந்தவுடன் வேறு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஊசி குத்தி எடுத்ததில் டி.பி. கிருமியின் ஜீனைத் தேடும் சோதனை செய்தார்கள். கிருமி இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் முடிச்சை முழுதாக அறுத்தெடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டின் சாரம் இது: லிம்ஃபாய்டு செல்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியுள்ளன, பிசிஎல்-2 சாயம் தெளிவாக இல்லை, ஐ.ஜி. ஜீன் ரீஅரேஞ்ச்மென்ட் சோதனை செய்து பார்க்கவும்.

அக்கா மகன் அதைப் படித்துவிட்டு ஊரில் யாருக்கோ போனில், "அப்பாவுக்கு ஜீன்ல ஏதோ மாறியிருக்காம்" என்று சொல்லியிருக்கிறான். அக்காவின் இளைய மகளுக்குத் தூத்துக்குடிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் நிச்சயம் என்று இருந்த நேரம். இரண்டே நாளில் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் தையல் மிஷின் முன்னால் தைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, ஜீன்னா வம்சத்துல வர்றதுதானே? பிள்ளைகளுக்கும் வருமா?" என்றாள்.

அவளுக்கு எப்படிச் சொன்னேனோ அப்படியே இங்கும் சொல்கிறேன்.

நம் உடம்பில் பி செல் என்று ஒரு வகை வெள்ளணு உண்டு. கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குவது அதன் வேலை. உலகத்தில் எத்தனை விதக் கிருமி வரும் என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே ஒவ்வொரு பி செல்லும் தனக்கென்று ஒரு தனி வடிவ எதிர்ப்புப் பொருளை வைத்திருக்க வேண்டும். இத்தனை கோடி வடிவங்களுக்கும் தனித்தனி ஜீன் எழுதி வைக்க நம் டி.என்.ஏ.வில் இடம் ஏது? இந்தப் புதிர் வெகுகாலம் விஞ்ஞானிகளைக் குழப்பியது. 1976-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சுசுமு டொனேகாவா என்ற ஜப்பானியர், தம்முடன் பணியாற்றிய ஹோசுமியோடு சேர்ந்து விடையைக் காட்டினார். சுண்டெலியின் கருவிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் இந்த ஜீனின் பகுதிகள் விலகி விலகிக் கிடந்தன. எதிர்ப்புப் பொருள் சுரக்கும் செல்லின் டி.என்.ஏ.விலோ அவை ஒன்று சேர்ந்திருந்தன. அதாவது ஜீன் முழுதாகப் பிறப்பில் வருவதில்லை. துண்டுகள்தான் வருகின்றன, தைப்பது செல்லே. 1987-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அக்கா ஓய்ந்த நேரத்தில் வெட்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பாள். இங்கே கோதடி என்கிறார்களே, அதுதான். அதைக் காட்டியே சொன்னேன். மூன்று மூட்டை வெட்டுத் துணி இருப்பதாக வைத்துக்கொள். வி என்ற மூட்டையில் உபயோகமான துண்டுகள் 40 சொச்சம், டி மூட்டையில் 20-க்கு மேல், ஜே மூட்டையில் 6. ஒவ்வொரு பி செல்லும் பிறந்து வளரும்போது மூட்டைக்கு ஒரு துண்டு எடுத்து, நடுவில் இருப்பதை வெட்டிப் போட்டுவிட்டு, மூன்றையும் இணைத்துக்கொள்கிறது. இதிலேயே சுமார் ஐயாயிரம் விதம் வந்துவிடும். தைக்கிற இடத்தில் ஓரத்தைக் கொஞ்சம் கத்தரிப்பதும், எந்த மூட்டையிலும் இல்லாத நூலைப் புதிதாகச் சேர்ப்பதும் வேறு உண்டு. ஆகவே இரண்டு செல்லின் தையல் ஒன்று போல் இருப்பது மிக அரிது. இது 14-ஆம் குரோமோசோமில் நடக்கும் பெரிய சங்கிலித் தையல். சிறிய சங்கிலிக்கு 2-ஆம் குரோமோசோமில் காப்பா என்றும், 22-ஆம் குரோமோசோமில் லாம்டா என்றும் வேறு மூட்டைகள் உண்டு.

ரிப்போர்ட்டில் இருந்த ரீஅரேஞ்ச்மென்ட் என்ற சொல் இந்தத் தையலைத்தான் குறிக்கிறது. இது நோயே அல்ல. உங்களுக்கு, எனக்கு, நேற்றுப் பிறந்த குழந்தைக்கு, எல்லோருக்கும் பி செல்லில் நடந்துகொண்டே இருப்பது. நடக்காவிட்டால்தான் ஆபத்து, எதிர்ப்புச் சக்தியே இருக்காது. அதோடு இந்தத் தையல் வெள்ளணுவில் மட்டும் நடக்கிறது. கருமுட்டையிலும் விந்திலும் மூட்டைகள் பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. அத்தானின் கழுத்தில் இருக்கும் தையல் அவர் பிள்ளைகளுக்குப் போக வழியே இல்லை.

முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். லிம்ஃபோமா வந்தவரின் நெருங்கிய ரத்த உறவினருக்கு அந்த வகை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்று கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன. ஆனாலும் மிகப் பெரும்பாலான உறவினர்களுக்கு வருவதில்லை. தவிர, இந்தச் சோதனை அந்தப் பரம்பரை வாய்ப்பைப் பார்ப்பதும் இல்லை.

அப்படியானால் எதைப் பார்க்கிறது? தொண்டைப் புண்ணால் நெறி கட்டும்போது பல விதப் பி செல்கள் ஒன்றாகப் பெருகுகின்றன. ஊரே திரண்டு வந்தது மாதிரி, ஆளுக்கொரு தையல். லிம்ஃபோமாவில் ஒரே ஒரு பி செல் கட்டுப்பாடு இழந்து, தானே பிளந்து பிளந்து லட்சக்கணக்கில் ஆகிறது. அத்தனை பிள்ளைகளுக்கும் தாயின் தையல்தான். ஆகவே சோதனை கேட்பது ஒரே கேள்வி: இந்த முடிச்சில் இருக்கும் பி செல்கள் பல வீட்டுப் பிள்ளைகளா, ஒரே தாயின் பிள்ளைகளா?

நான் முதன்முதலில் இந்தச் சோதனையைப் பழகியது 1990-களின் தொடக்கத்தில். எட்வின் சதர்ன் 1975-ல் கண்டுபிடித்த முறை. புதிதாக எடுத்த திசு நிறைய வேண்டும். டி.என்.ஏ.வை வெட்டி, ஜெல்லில் ஓடவிட்டு, சவ்வில் ஒற்றி, கதிரியக்கப் பாஸ்பரஸ் சேர்த்து, எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்து உறைபெட்டியில் நாள்கணக்கில் வைத்து எடுக்க வேண்டும். ஃபிலிமைக் கழுவும்போது கோடு விழுந்திருக்கிறதா என்று இருட்டறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நாள்கள் உண்டு. இப்போது அந்த வேலை பி.சி.ஆர். முறைக்கு மாறிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பெயர் தெரியாத வீடு இல்லை. துணியின் இரு பக்கமும் இரண்டு குண்டூசி குத்தி, இடையில் இருக்கும் பகுதியை மட்டும் பிரதி மேல் பிரதியாக எடுப்பது அது. அந்தக் குண்டூசிக்குப் பிரைமர் என்று பெயர். எந்தெந்த இடத்தில் ஊசி குத்த வேண்டும் என்பதை ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் பல சேர்ந்து வகுத்து, 2003-ல் பயோமெட்-2 என்ற பெயரில் வெளியிட்டன. உலகமெங்கும் பெரும்பாலான கூடங்கள் அந்த வழியையே பின்பற்றுகின்றன.

பிரதிகளை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஓடவிட்டு நீளத்தை அளக்கிறார்கள். டேப் வைத்துத் துணி அளப்பது போலத்தான். பல வீட்டுப் பிள்ளைகள் என்றால் பல நீளம். வரைபடம் பாதி கவிழ்த்த சட்டி போல மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஒரே தாயின் பிள்ளைகள் என்றால் எல்லாம் ஒரே நீளம். வரைபடத்தில் கோபுரம் போல ஒற்றை முனை எழும். முதலாவதைப் பாலிக்ளோனல் என்றும் இரண்டாவதை மோனோக்ளோனல் என்றும் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அத்தான் விஷயத்தில் சிக்கலே இனிமேல்தான் வந்தது. டிசம்பரில் முதல் ஆய்வுக்கூடத்தின் பதில் வந்தது: க்ளோன் எதுவும் தென்படவில்லை. வீட்டில் அன்றைக்குப் பாயசம். அத்தான் என்னைப் பார்த்து, "ஏம்மா, நீதான் வீணா பயமுறுத்திட்டே" என்று சிரித்தார். நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். டி.என்.ஏ.வின் தரம் பார்க்கும் சோதனையில் 100, 200 எழுத்து நீளத் துண்டுகள் மட்டும் வந்திருந்தன. 300, 400 வரவில்லை. எழுத்து என்று நான் சொல்வது டி.என்.ஏ.வின் அலகை.

இதன் பொருள் என்ன? பெரிய சங்கிலிக்கு மூன்று இடங்களில் ஊசி குத்துகிறார்கள். முதல் இடத்தில் குத்தினால் 310 முதல் 360 எழுத்து நீளப் பிரதி வரவேண்டும், இரண்டாவதில் 250 முதல் 295, மூன்றாவதில் 100 முதல் 170. துணியே நைந்து சிறு சிறு கிழிசலாக இருந்தால் முதல் இரண்டும் வரவே வராது. மூன்றாவதை மட்டும் வைத்துத்தான் 'தென்படவில்லை' என்று எழுதியிருந்தார்கள். துணி ஏன் நைந்தது? அறுத்தெடுத்த திசுவை ஃபார்மலினில் ஒரு நாள் ஊறவைத்து, பிறகு மெழுகில் பதிக்க வேண்டும். அமிலத்தன்மை சேராதபடி பக்குவப்படுத்திய ஃபார்மலினாகவும் இருக்க வேண்டும். அத்தானின் முடிச்சு தீபாவளி விடுமுறையில் ஆறு நாள் அதே பாட்டிலில் கிடந்தது. அதிகம் ஊறினாலும், ஃபார்மலின் பழசானாலும் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். எலும்பு மஜ்ஜையை அமிலத்தில் போட்டு மிருதுவாக்கினாலும் இதே கதிதான். இயந்திரம் எத்தனை லட்ச ரூபாயாக இருந்தாலும் சோதனையின் தலையெழுத்து அந்தப் பாட்டிலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இன்னொரு காரணமும் என் மனதில் ஓடியது. பி செல் முடிச்சுக்குள் இருக்கும்போது தன் எதிர்ப்புப் பொருளைக் கூர்மையாக்க, தைத்த துணியில் அங்கங்கே எழுத்துகளை மாற்றிக்கொள்கிறது. அந்தக் கட்டத்திலிருந்து பிறக்கும் ஃபோலிக்குலர் லிம்ஃபோமா என்ற வகையில் இந்த மாற்றம் அதிகம். ஊசி குத்த வேண்டிய இடத்திலேயே எழுத்து மாறிவிட்டால் ஊசி பிடிக்காது. க்ளோன் இருந்தும் கண்ணுக்குப் படாது.

அக்காவிடம் இதைச் சொன்ன நாள்தான் எனக்கு மிகக் கஷ்டமான நாள். பாயசம் சாப்பிட்ட வாயால் மறுபடி சோதனை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பயாப்ஸி செய்த இடத்தில் எழுதிக் கொடுத்து, மெழுகுக் கட்டையையும் ஸ்லைடுகளையும் வாங்கி, லிம்ஃபோமாவையே பிரதானமாகப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் ஸ்லைடைத் தாமே மறுபடி பார்த்தார். காப்பா தையலையும் சேர்த்துச் சோதிக்கச் சொன்னார். பெரிய சங்கிலியில் தப்பியது சிறிய சங்கிலியில் அகப்படுவதுண்டு. அகப்பட்டது. சுமார் 150 எழுத்து நீளத்தில் ஒற்றை முனை. தனித்தனியாக இரண்டு குழாயில் செய்தும் அதே இடத்தில். இந்த இரட்டைச் சோதனை முக்கியம். திசுவில் பி செல்களே கொஞ்சமாக இருந்தால் ஒன்றிரண்டு செல்லின் பிரதியே ஓங்கிப் பொய் முனை காட்டும். மறுமுறை செய்தால் அது வேறு இடத்துக்குத் தாவிவிடும். கூடவே 14-ஆம் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று ஒளிரும் சாயத்தால் பார்க்கும் ஃபிஷ் சோதனையும் செய்தார்கள். ஒட்டிக்கொண்டிருந்தன. தையல் நடக்கும்போது நேர்ந்த விபத்து அது. பிசிஎல்-2 என்ற ஜீன் தப்பான இடத்தில் தைக்கப்பட்டுவிடுவதால், இறக்க வேண்டிய செல் இறப்பதில்லை.

ஸ்லைடில் கண்டது, காப்பா முனை, ஃபிஷ் மூன்றையும் சேர்த்து வைத்து மருத்துவர் சொன்னார்: ஃபோலிக்குலர் லிம்ஃபோமா, மெதுவாக வளரும் தரம்.

மூன்றையும் சேர்த்து என்று எழுதியதைக் கவனியுங்கள். ஒற்றை முனை வந்தாலே புற்றுநோய் என்பதில்லை. வயிற்றில் ஹெலிகோபாக்டர் கிருமியால் வரும் நாட்பட்ட அழற்சியிலும், வாயும் கண்ணும் வறண்டுபோகும் ஷோகிரன் நோயிலும் சிறு க்ளோன் தென்படலாம். வயதானவர்கள் சிலருடைய ரத்தத்தில் ஒரு சிறு க்ளோன் எந்தத் தொந்தரவும் செய்யாமல் வருடக்கணக்கில் இருப்பதுண்டு. பி செல் தையல் இருப்பதாலேயே அது பி செல் நோய் என்றும் முடிவு கட்ட முடியாது. டி செல் நோய்கள் சிலவற்றிலும் இந்தத் தையல் காணப்படுகிறது. மறுபுறம், முனை வரவில்லை என்றால் நோய் இல்லை என்றும் அர்த்தமல்ல. திசுவில் நூற்றுக்கு ஐந்து பத்து செல்லாவது அந்தக் க்ளோனைச் சேர்ந்ததாக இருந்தால்தான் இந்த முறை பிடிக்கும். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில் நோய்ச் செல்கள் கூட்டத்தில் ஒன்றிரண்டாகவே இருப்பதால் அது பெரும்பாலும் நழுவிவிடுகிறது. அந்தச் செல்கள் பி செல் வம்சம்தான் என்பதையே 1994-ல் ஒவ்வொரு செல்லாகக் கிள்ளி எடுத்து பி.சி.ஆர். செய்துதான் நிரூபித்தார்கள்.

இதே தையல் வேறு இடங்களிலும் உதவுகிறது. குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோயில், அந்தக் குழந்தையின் நோய்ச் செல்லுக்கே உரிய தையலைக் குறித்து வைத்துக்கொண்டால், மருந்து கொடுத்தபின் பத்தாயிரம் செல்லில் ஒன்று மிச்சம் இருந்தாலும் தேடிப் பிடித்துவிடலாம். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் செய்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் மரியாதையாகத்தான் பேசினார். கோதடிக் கதையெல்லாம் சொன்னேன். "நீங்க சொல்றது புரியுதும்மா, ஆனா வீட்ல பொம்பளைங்க பயப்படுறாங்க" என்றார். அப்புறம் அவர்களிடமிருந்து போன் வரவில்லை. ஒரு மாதம் அந்தப் பிள்ளை அழுதாள். 2020 பிப்ரவரியில் கொரோனா வருவதற்குக் கொஞ்சம் முன்னால், புனேயில் வேலை பார்க்கும் வேறொரு பையனோடு கல்யாணம் நடந்தது. முதல் சந்திப்பிலேயே அக்கா ஃபைலை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டாளாம். பையன் படித்துப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

அத்தானுக்கு உடனே மருந்து கொடுக்கவில்லை. மெதுவாக வளரும் தரத்தில் தொந்தரவு இல்லாதவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு காத்திருப்பதும் ஏற்கப்பட்ட வைத்திய முறைதான். மருந்து கொடுக்காமல் ஒரு டாக்டரா என்று அக்காவுக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. 2021-ல் வயிற்றில் முடிச்சுகள் பெருகியபோது ரிட்டுக்சிமாப் ஊசியும் இன்னொரு மருந்தும் சேர்த்து ஆறு தவணை கொடுத்தார்கள். கட்டிகள் வடிந்தன. இந்த நோய் திரும்ப வரக்கூடியது என்பதையும் மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வந்தால் புதிய முடிச்சை மறுபடி எடுத்துப் பார்த்து, பழைய தையலோடு ஒப்பிட்டால், அதே நோயா புதியதா என்று தெரியும்.

அதற்காக அந்த மெழுகுக் கட்டையை நாங்கள் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் யாருக்காவது பயாப்ஸி நடந்தால் ரிப்போர்ட் தாளோடு நின்றுவிடாதீர்கள். கட்டையும் ஸ்லைடும் எங்கே இருக்கின்றன, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் மாற்றலாகிப் போகும் நம் போன்றவர்களுக்கு இது இன்னும் அவசியம். கையெழுத்து வாங்கிக்கொண்டு பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். அக்கா அதை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பீரோவில் பட்டுப் புடவைகளுக்குக் கீழே வைத்திருக்கிறாள். மேலே அவள் கையெழுத்தில் அத்தான் பெயரும், 2018 என்றும், நம்பரும் எழுதி ஒட்டியிருக்கிறது.